ஒரே சி.எஸ்.எஸ்., பல பிரவுசர்கள்

புதிதாக வெப் பக்கம் அமைக்கப் பழகுபவர்கள், தங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் தயாரித்துப் பார்க்கலாம். எங்கள் நார்த்தாமலையை எடுத்துக் கொள்வோம். விஜயாலய சோழீஸ்வரம் கோயிலின் படம், எதிரே குடைவரையில் உள்ள 12 விஷ்ணு சிற்பங்கள் பற்றிய குறிப்பு ஆகியவற்றை எச்.டி.எம்.எல். மூலம் தரலாம். எழுத்தின் அளவு, வண்ணம், இடைவெளி ஆகியவற்றை முடிவு செய்வது சி.எஸ்.எஸ். இரண்டையும் எழுத நோட்பேட் போதும்.

சிக்கல் இனிதான். நீங்கள் சரியாக எழுதிய கட்டளையும் எல்லா பிரவுசர்களிலும் ஒரே மாதிரி செயல்படாமல் போகலாம். சி.எஸ்.எஸ். முதல் வரையறை 1996 டிசம்பரில் வெளியானது. ஆனால், பிரவுசர் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் அதனைத் தங்கள் வேகத்தில்தான் பின்பற்றின.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. எழுத்துருவைப் பக்கத்துடன் சேர்த்து அனுப்ப, 1990களின் இறுதியில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு வகை பைலும், நெட்ஸ்கேப்புக்கு வேறு வகை பைலும் தேவைப்பட்டன. பின்னர், வரிகளின் இரு ஓரங்களையும் சீராக்கும் ஜஸ்டிபை கட்டளையைக் கொடுத்தால், விண்டோஸில் இயங்கிய பயர்பாக்ஸ் 2ல் தமிழ் எழுத்துகள் உடைந்து, கொம்பும் காலும் தனித்தனியே நின்றன. 2008ல் வந்த பயர்பாக்ஸ் 3 இதனைச் சரி செய்தது.

2022 ஜூனில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாப்ட் விடை கொடுத்தது. வேறுபாடுகள் வெகுவாகக் குறைந்துவிட்டாலும், பழைய போன்களில் அவை இன்றும் தலைகாட்டும். எனவே தொடக்கத்திலேயே சில பழக்கங்களை மேற்கொள்ளுங்கள்.

1. தனக்குப் புரியாத சி.எஸ்.எஸ். வரியைப் பிரவுசர் எந்த எச்சரிக்கையும் தராமல் விட்டுவிடும். இதனை நமக்குச் சாதகமாக்கலாம். பின்புலத்திற்கு முதலில் சாதாரண வெளிர் மஞ்சள் நிறம் கொடுங்கள். அடுத்த வரியில், நிறம் படிப்படியாக மாறும் கிரேடியன்ட் கொடுங்கள். புரிந்த பிரவுசர் இரண்டாவதை எடுத்துக் கொள்ளும். மற்றது மஞ்சளைக் காட்டும்.

2. லதா எழுத்துரு விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்தது. ஆண்ட்ராய்ட் போன்களில் இல்லை. எனவே ஒரு பெயரோடு நிறுத்தாமல் நிர்மலா யு.ஐ., நோட்டோ சான்ஸ் தமிழ் என வரிசையாகக் கொடுத்து, இறுதியில் சான்ஸ் செரிப் என முடிக்கவும்.

3. பிளெக்ஸ் அமைப்பில் படத்திற்கும் எழுத்திற்கும் இடையே இடைவெளி தரும் கேப் கட்டளை, சபாரியில் 2021ல் வந்த 14.1 பதிப்பில்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய ஐபோனில் இரண்டும் ஒட்டிக் கொள்ளும். படத்திற்கு மார்ஜின் கொடுத்தால் பிரச்னை இல்லை.

ஒவ்வொரு கட்டளை எழுதியவுடனும் குரோம், பயர்பாக்ஸ் இரண்டிலும் திறந்து பார்க்கவும். எட்ஜ் பிரவுசரும் குரோமின் இன்ஜினையே பயன்படுத்துவதால், அந்த இரண்டை மட்டும் பார்ப்பது போதாது. வீட்டில் பழைய போன் இருந்தால் அதிலும் பாருங்கள்.

இறுதியாக, சி.எஸ்.எஸ். பைலை இணைக்கும் வரியை நீக்கிவிட்டுப் பக்கத்தைத் திறக்கவும். அழகு குறையலாம், ஆனால் கோயிலுக்கு வழி தேடி வருபவர் தகவலைப் படிக்க முடிய வேண்டும். முடிந்தால் உங்கள் அடித்தளம் சரியாக உள்ளது என்று பொருள்.