டிசம்பர் விடுமுறையில் மைசூரும் பந்திப்பூரும்

டிசம்பர் விடுமுறையில் பெங்களூரிலிருந்து நீலகிரி வழியாகக் கோவைப் பக்கம் செல்லும் நம் குடும்பத்தினர், வழியிலுள்ள நகரையும் வனத்தையும் குழந்தைகளுக்குக் காட்டிவிடலாம்.

முதல் நாள் மைசூர். புகைவண்டியில் 138 கிலோமீட்டர். பழைய மர அரண்மனை 1897-இல் தீக்கிரையாகவே, இன்றைய அரண்மனை 1912-இல் கட்டி முடிந்தது. இதனை வரைந்த ஹென்றி இர்வின், சென்னை எழும்பூர் நிலையத்தின் வடிவமைப்பிலும் பங்கு கொண்டவர். 1892-இல் தோன்றிய மிருகக்காட்சிசாலைக்கு ஒரு காலைப்பொழுது முழுதும் வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மறவற்க.

மறுநாள் ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் பந்திப்பூர். 1973-இல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோதே அதில் சேர்ந்த காடு இது. அதிகாலைப் பனி கடுமையாதலின் கம்பளி உடை அவசியம். வனத்துறை வண்டியில் அமைதி காத்தல் வேண்டும். விலங்குகளுக்குத் தின்பண்டம் எறிதல் கூடாது.

2009 முதல் இச்சாலையில் இரவு 9 மணிமுதல் காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை உண்டு; அவசர ஊர்திகளுக்கும் சில பேருந்துகளுக்கும் மட்டுமே விலக்கு. பயணம் தாமதமாகிறதே என்று நம்மவருள் சிலர் சலித்துக்கொள்கின்றனர். இரவில் சாலையைக் கடந்த விலங்குகள் பல வண்டிகளில் அடிபட்டு மாண்டதனாலேயே இத்தடை வந்தது. பகலில் கடக்குமாறு பயணத்தை வகுத்துக்கொண்டால் நமக்கு நஷ்டமொன்றுமில்லை.

மோயாற்றுக்கு இப்பால் பந்திப்பூர். அப்பால் நம் முதுமலை. மாநில எல்லை நமக்கே. யானைகளுக்கு இரண்டும் ஒரே காடுதான். பிழைப்புக்காக எல்லை கடந்து வந்து வாழும் நம் பிள்ளைகள் இதனை நேரிற் கண்டறிதல் நன்று.