காயத்தில் உறையும் குருதி

அரிவாள்மனையில் காய் நறுக்கும்போது விரலில் வெட்டு விழுகிறது. சில நிமிடங்களில் குருதி நின்றதும், தொல்லை தீர்ந்ததென்று நாம் வேலையைத் தொடர்கிறோம். உறைந்த குருதியை ஒழுக்கை அடைக்கும் வெறும் அடைப்பு என்றே எண்ணுகிறோம். ஆனால் அடைத்தல், காத்தல், சீர்செய்தல் ஆகிய மூன்று பணிகளும் அங்கே ஒன்றாகவே தொடங்கிவிடுகின்றன.

ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் உள்ளன. குருதிக்குழாய் கிழிந்தவுடன் இவை அவ்விடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் அவற்றைச் சுற்றி வலை பின்னுகின்றன. அவ்வலையில் கிருமிகளும் சிக்குகின்றன. தட்டணுக்கள் விடுக்கும் வேதிப்பொருள்கள் வெள்ளையணுக்களை அழைக்க, அவை சில மணி நேரத்தில் வந்து கிருமிகளை விழுங்குகின்றன. அடுத்த நாள்களில் பெருவிழுங்கணுக்கள் சிதைவுகளை அகற்றிப் புதுத் திசு வளரத் தூண்டுகின்றன. அத்திசு படர்வதற்கு முதற் பந்தலாக நிற்பதும் அந்த ஃபைப்ரின் வலையே.

உறைதலுக்கும் காவலுக்கும் உள்ள இவ்வுறவு மிகத் தொன்மையானது. அமெரிக்க மருத்துவ அறிஞர் ஃபிரெடெரிக் பாங், குதிரைலாட நண்டின் உடலில் கடற் பாக்டீரியாக்கள் புகுந்தால் அதன் குருதி உறைந்துவிடுவதை 1956-இல் எடுத்துரைத்தார். பின்னர் ஜாக் லெவினுடன் சேர்ந்து, பாக்டீரியாவின் நச்சுப்பொருளே அதற்குக் காரணம் என்று கண்டார். ஊசி மருந்துகளில் அந்நச்சு கலந்துள்ளதா என்று ஆராயும் சோதனை இதிலிருந்தே பிறந்தது.

ஆனால் இக்காவல் எல்லை மீறினால் உயிருக்கே கேடு விளையும். கிருமித்தொற்று முற்றி உடலெங்கும் அழற்சி பரவும்போது, நுண்ணிய குழாய்களுக்குள் குருதி உறைந்து உறுப்புகளுக்குச் செல்லும் ஓட்டம் தடைப்படலாம். உறைபொருள்கள் அவ்வாறு செலவாகிவிடுவதால், வேறிடங்களில் குருதி கசிவதும் உண்டு.

ஆகவே சிறு காயத்தையும் நாம் அலட்சியம் செய்தலாகாது. தூய துணியால் அழுத்திக் குருதியை நிறுத்தி, நல்ல நீரால் கழுவவேண்டும். காப்பித்தூள், சுண்ணாம்பு, சாணம் முதலியவற்றை அப்புவது கிருமிகளுக்கு நாமே வழி திறந்துவிடுவதாகும். பிள்ளைகள் பொருக்கைப் பெயர்க்காதபடி பார்த்துக்கொள்ளவேண்டும். ஆழமான அல்லது அழுக்குப் படிந்த காயமானால், டெட்டனஸ் தடுப்பூசி தேவையா என்று மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். காயம்பட்டவருக்குக் குளிர்காய்ச்சல், மூச்சிரைப்பு, மனக்குழப்பம், சிறுநீர்க் குறைவு ஆகியன தோன்றினால், விடியட்டும் என்று காத்திராமல் அந்நேரமே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லவேண்டும்.