உதறும் சக்கரமும் ஒரு மில்லிமீட்டர் ஆட்டமும்

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஜீப்பின் முன்சக்கரம் சாலையில் ஒரு சிறு மேட்டில் ஏறி இறங்குகிறது. அடுத்த கணமே முன்சக்கரங்கள் இரண்டும் இடவலமாக உதறத் தொடங்குகின்றன. ஸ்டீயரிங் கைக்கு அடங்குவதில்லை. வேகத்தை வெகுவாகக் குறைத்த பிறகே உதறல் ஓய்கிறது. அமெரிக்காவில் ஜீப் செரோக்கி, ராங்ளர் ஓட்டுபவர்கள் இதற்கு ‘மரண உதறல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

2001 வரை அங்கே தயாரான பழைய செரோக்கியின் முன்சக்கரங்கள் ஒரே திட அச்சில் பூட்டப்பட்டவை. பாறைப் பாதையில் இது பெரிய பலம். ஆனால் ஒரு சக்கரத்தின் நடுக்கம் மற்றதையும் தொற்றிக்கொள்ளும். அந்த அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடித்திருப்பது ட்ராக் பார் என்ற ஒற்றைக் கம்பிதான்.

தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் சில வேகங்களில் படபடவென்று அடித்துக்கொள்வதும் இதே இயற்பியல்தான். திரும்பிய சக்கரத்தைச் சாலையின் விசை நேராக்குகிறது. அது நேர்க்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போய்விடுகிறது. ஒவ்வொரு வீச்சிலும் வண்டியின் ஓட்டத்திலிருந்தே சக்தியை உறிஞ்சி உதறல் வளர்கிறது. பிரெஞ்சுப் பொறியாளர் ப்ரூலியே 1925லேயே இதை ஆராய்ந்து எழுதினார். விமானங்களின் முன்சக்கரத்துக்கும் இந்தத் தொல்லை உண்டு. இறுக்கமான மூட்டுகள் அந்தச் சக்தியைத் தின்று உதறலை முளையிலேயே அடக்கிவிடும். மூட்டில் ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும், அந்த இடைவெளிக்குள் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை.

பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் போன்ற மூட்டுகளில் எஃகுக் குண்டு ஒன்று கிண்ணத்துக்குள் கிரீஸில் சுழல்கிறது. அதன் ரப்பர் உறை கிழிந்தால் ஓடைநீரும் மணலும் உள்ளே புகுந்து குண்டை அரைத்துவிடும். எந்த மூட்டு தேய்ந்தது என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். சக்கரங்கள் தரையில் இருக்க, கை பிரேக் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக இடமும் வலமும் அசைக்க வேண்டும். மற்றவர் மூட்டுகளை ஒவ்வொன்றாகக் கவனிக்க வேண்டும். ஒரு மூட்டின் இரு பக்கமும் சேர்ந்து அசையாமல் ஒன்று பிந்தினால், கோளாறு அங்கேதான்.

கழற்றும்போது எஞ்சின் நின்றிருக்க வேண்டும். வண்டி உறுதியான ஸ்டாண்டுகள்மேல் இருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. நட்டை எடுத்த பின்பும் டை ராட் எண்ட் வெளியே வராது. அதன் தண்டு கூம்பு வடிவில் ஆப்புபோல இறுகியிருக்கும். தண்டை அடித்துப் பயனில்லை. அது நுழைந்திருக்கும் துளையைச் சுற்றியுள்ள இரும்பின் பக்கவாட்டில் ஓங்கித் தட்டினால், துளை ஒரு கணம் நீள்வட்டமாகி ஆப்பை விட்டுவிடும். புதியதைப் பூட்டும்போது ஸ்ப்ளிட் பின் துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் சற்று இறுக்க வேண்டும், தளர்த்தக் கூடாது.

பலர் தவறவிடும் இடம், ட்ராக் பார் போன்ற கம்பிகளின் முனையிலுள்ள ரப்பர் புஷ். இது குண்டைப்போலச் சுழல்வதில்லை. இரு இரும்பு வளையங்களுக்கு நடுவே ஒட்டியிருந்து முறுகி மீள்கிறது. அச்சு தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். அதனால் சக்கரங்கள் வண்டியின் எடையைத் தாங்கி நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம். அளவுக்குத் தயாரிப்பாளரின் கையேடு, இறுக்க டார்க் ரென்ச். டை ராடைத் தொட்டால் வீல் அலைன்மென்ட்டும் கட்டாயம்.

உதறல் வந்தவுடன் புது ஸ்டீயரிங் டேம்பர் வாங்கி மாட்டுவோர் பலர். அது உதறலை மறைக்குமே தவிர மூட்டின் தேய்மானத்தை நிறுத்தாது. தேய்ந்த மூட்டு ஒருநாள் கழன்றே போகலாம். செலவு செய்யுமுன் ஆட்டம் எங்கே என்று தேடுங்கள். உங்கள் உயிருக்கும் எதிரே வருபவர் உயிருக்கும் அதுவே காப்பு.