காலத்தை அறியும் மூளை

நேயர்களே, ஒளியை அறியக் கண் உண்டு. ஒலியை அறியச் செவி உண்டு. காலத்தை அறிதற்கெனத் தனிப்பொறி எதுவும் நமக்கில்லை. ஆயினும், மணிக்கூட்டைப் பாராமலே எவ்வளவு நேரம் கழிந்தது என ஓரளவு சொல்லிவிடுகிறோம். இஃது எங்ஙனம் இயல்கின்றது?

மிசேல் சிஃப்ர் என்னும் பிரெஞ்சுப் புவிச்சரிதவியலாளர், 1962 ஆம் ஆண்டு யூலை 16 ஆம் நாள், தமது 23 ஆம் வயதில், அல்ப்ஸ் மலையிலுள்ள குளிர்மிக்க குகையொன்றுள் தனியே இறங்கினார். அவரிடம் மணிக்கூடு இல்லை. பகலொளியும் அங்கே புகாது. விழிக்கும்போதும் உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் மேலேயிருந்த தோழருக்குத் தொலைபேசியில் அறிவிப்பார். அவர்கள் நேரத்தைச் சொல்லலாகாது என்பது ஏற்பாடு.

செப்ரெம்பர் 14 ஆம் நாள் அவரை வெளியே அழைத்தனர். அவருடைய கணக்கின்படி அன்று ஓகஸ்ட் 20! இருபத்தைந்து நாட்கள் கணக்கில் வாராமலே போயின. விநாடிக்கு ஓரெண்ணாக 120 வரை எண்ணச் சொன்னபோது, இரண்டு நிமிட வேலைக்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் எடுத்தார்.

வியப்பு யாதெனில், அவருடைய உடல் அவ்வாறு தவறவில்லை. விழிப்பும் உறக்கமும் சேர்ந்த ஒரு சுற்று, சராசரியாக இருபத்துநான்கரை மணி நேரமே. ஆகவே, மூளையில் காலத்தை அளக்கும் முறை ஒன்றன்று; பல.

நாள்முறையைக் காப்பது, கண்ணரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள சிறியதொரு நரம்புக்கலத் தொகுதி. 1972 இல் எலிகளில் நடத்திய ஆய்வுகள் இதனைக் காட்டின. கழிந்த நாட்களை மதிப்பிடுவதிலோ நினைவுக்குப் பெரும் பங்குண்டு. புதிய நிகழ்ச்சிகளே நினைவின் மைல்கற்கள். குகையில் ஒருநாள் மறுநாளைப் போலவே கழிந்தமையால், சிஃப்ருக்கு அவை வாய்க்கவில்லை.

நிமிடங்களை உணர்வதில் உடல் வெப்பமும் குறுக்கிடும். அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர் அட்சன் ஓக்லண்ட், காய்ச்சலுற்ற தம் மனைவிக்கு மருந்து வாங்கச் சென்று இருபது நிமிடத்தில் திரும்பினார். மனைவியோ அவர் நெடுநேரம் சென்றுவிட்டதாகக் குறைபட்டார். அறிஞர், விநாடிக்கு ஒன்றாக அறுபது வரை எண்ணுமாறு அவரைக் கேட்டுப் பலமுறை அளந்தார். காய்ச்சல் ஏறுந்தோறும் எண்ணிக்கை விரைந்தது. இதனை அவர் 1933 இல் வெளியிட்டார்.

ஆதலால், நேயர்களே, நோயாளி ஒருவர், “ஏன் இத்துணை தாமதம்?” என்று வினவினால், மணிக்கூட்டைக் காட்டி வாதிடாதீர்கள். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அந்நேரம் உண்மையாகவே நீண்டிருந்தது. அடுத்த முறை சற்று விரைந்து திரும்புங்கள்.