எரிமலைப் பாறைக்குள் இறங்கும் கழிவுநீர்

ஹவாய் தீவுகளின் குடிநீரில் மிகப் பெரும்பகுதி நிலத்தடி நீர். மலைமேல் பெய்யும் மழை எரிமலைப் பாறைக்குள் இறங்கி, அடியில் ஊறியிருக்கும் கடல்நீரின்மேல் தேங்கி நிற்கிறது. உப்புநீரைவிட நன்னீர் எடை குறைந்தது என்பதால் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி இருக்கும் என்பது கணக்கு.

அந்த நீர்மட்டத்துக்கு மேலேதான் மலக்குழிகள் இருக்கின்றன. செப்டிக் டேங்க்கூட அல்ல, வெறும் குழி. கழிப்பறையிலிருந்து வருவது நேராக அதில் விழும்; திடக்கழிவு தங்கும், நீர் பாறைக்குள் இறங்கிவிடும். மாநிலத்தில் இவை 80,000-க்கும் மேல். ஏறக்குறைய 50,000 ‘பெரிய தீவு’ எனப்படும் ஹவாய் தீவில் மட்டும். நாளொன்றுக்குச் சுமார் 5 கோடி காலன் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் மண்ணுக்குள் போகிறது.

போதிய ஆழத்துக்கு மண் இருந்தால் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை வழியிலேயே ஒட்டிக்கொண்டு மடியும். பெரிய தீவின் பூனா வட்டாரத்தில் லாவா மிக இளையது. பல இடங்களில் கையளவு மண்கூட இல்லை. லாவாக் கல்லை உடைத்தால் உள்ளே தேன்கூடுபோல் துளைகள் தெரியும். நீர் ஓடுவது அவற்றின் வழியாக அல்ல. பாறை குளிர்ந்தபோது விழுந்த வெடிப்புகளும், ஒரு லாவா அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே கிடக்கும் சரளையும், உள்ளே ஓடும் குகைகளும்தான் அதன் பாதை. அவற்றில் நீர் விரைந்து ஓடிவிடுவதால் வடிகட்டல் நடப்பதில்லை.

மாசைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு சிக்கல். 100 மில்லி தண்ணீரில் மருந்துப் பொடியைக் கலந்து ஒருநாள் இளஞ்சூட்டில் வைப்பார்கள். மஞ்சளானால் கோலிஃபார்ம் பாக்டீரியா, புறஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தால் ஈ-கோலை. பொதுவாக ஈ-கோலை தெரிந்தால் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். ஹவாயின் வெதுவெதுப்பான ஈரமண்ணில் அது தானாகவே பெருகுகிறது என்பதை ஹவாய் பல்கலைக்கழகத்தின் ரோஜர் ஃபுஜியோகா எடுத்துக்காட்டினார். அதனால் நீரோடை, கடற்கரை நீரில் கழிவுநீரின் தடயம் தேட, க்ளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற இன்னொரு பாக்டீரியாவையும் பார்க்கிறார்கள். குடிநீருக்கு இந்தச் சந்தேகத்தின் பலனைத் தரக்கூடாது: ஈ-கோலை தெரிந்த கிணற்றை மண்மேல் பழிபோட்டுக் குடிப்பது தவறு.

புதிய மலக்குழிகளுக்கு 2016-இல் தடை வந்தது. பழையவற்றை 2050-க்குள் மாற்ற வேண்டும் என்று 2017-இல் சட்டம் இயற்றினார்கள். ஒரு வீட்டுக்குப் பல பத்தாயிரம் டாலர் செலவாகும் என்பதால் அவகாசம் தேவைதான். ஆனாலும், குடிநீர்க் கிணறுகளை ஒட்டிய குழிகள் அதுவரை காத்திருக்கக் கூடாது.

சொந்தக் கிணறு வைத்திருப்பவர்களின் தண்ணீரை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் கண்காணிப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையும், பெருமழைக்குப் பின்னும் அவர்களே சோதித்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டுக் குடியுங்கள். பாக்டீரியா செத்துவிடும்; அதே மலக்குழியிலிருந்து வரும் நைட்ரேட் மட்டும் கொதிக்கவைத்தாலும் போகாது.