அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி!



எங்கள் தாயில்பட்டிப் பக்கம் வெடி ஆபீசில் விபத்து நடந்தால், தீ அணைந்ததும் யாரும் விளக்குமாற்றைத் தூக்க மாட்டார்கள். தடய அறிவியல் நிபுணர்கள் வந்து சாம்பலையும் மண்ணையும் எடுத்துப் போக வேண்டும். "கூட்டிப் பெருக்கிட்டா, எதனால வெடிச்சதுன்னு எப்படிய்யா தெரியும்?" என்பார் எங்க அப்பா. அவர் ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் முதன்முதலாக டிப்ளமோ, அதுவும் கம்ப்யூட்டர் படிக்கிற நான் அதை மறந்துபோனேன்.

போன லீவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தேன். ஒருநாள் அங்கே கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து ஃபைல்கள் எல்லாம் கெட்டுப்போயின. பயத்தில் உடனே ஃபார்மட் அடித்துவிட்டேன். "உன் பென் டிரைவ்ல இருந்துதான் வந்திருக்கும்" என்றார் முதலாளி. இல்லை என்று காட்ட என்னிடம் எதுவுமில்லை. சாட்சியை நானே அழித்திருந்தேன். அந்த மாதச் சம்பளம் போயிற்று.

முறைப்படி என்ன செய்வார்கள்? முதலில் நெட்வொர்க் இணைப்பைத் துண்டிப்பார்கள். ஹார்டு டிஸ்கில் ஒரு எழுத்துகூட புதிதாகப் பதியாதபடி தடுத்து, அதை அப்படியே நகல் எடுப்பார்கள். பிறகு 'ஹாஷ்' கணக்கிடுவார்கள். இது டிஸ்கின் கைரேகை மாதிரி. ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும். ஆராய்ச்சியெல்லாம் நகலில்தான். வைரஸ் எப்போது நுழைந்தது, எதைத் திருடியது, எங்கே அனுப்பியது என்று அதன் வாயாலேயே வரவழைப்பார்கள்.

நம் கூடங்குளத்தையே பாருங்கள். 2019 செப்டம்பர் 4-ல் வைரஸ் பற்றித் தகவல் வந்தது. அக்டோபர் 30-ல் அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்டது நிர்வாகப் பணிக்கான, இன்டர்நெட் இணைப்புள்ள கம்ப்யூட்டர். அணு உலை நெட்வொர்க் தனி என்றார்கள். 'டிட்ராக்' என்ற அந்த வகை வைரஸின் ஒரு மாதிரிக்குள் கூடங்குளம் நெட்வொர்க்கின் விவரங்களே எழுதப்பட்டிருந்தன. 2013-ல் தென்கொரியாவைத் தாக்கிய வைரஸோடு டிட்ராக்கின் நிரல் ஒத்துப்போனதால், காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'லாசரஸ்' கும்பலைக் கைகாட்டியது. ஆனால் நிரலின் சாயல் கும்பலைத்தான் காட்டும். கீபோர்டில் உட்கார்ந்த ஆளைக் காட்டாது. அதற்கு வேறு சாட்சியும் வேண்டும்.

வேண்டுமென்றே வைரஸ் பரப்பினால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை உண்டு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டப்படி, மின்னணுச் சான்றோடு தரும் சான்றிதழில் ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும்.

நண்பர்களே, நாளைக்கு நாமும் ஏதாவது ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போகிறோம். வைரஸ் வந்தால் பழி முதலில் புதுப்பையன் மேல்தான் விழும். ஃபார்மட் அடிக்க அவசரப்படாதீர்கள். குற்றவாளியைப் பிடிக்கிற தடயம்தான் நிரபராதியையும் காப்பாற்றும்.