ஆய்வகச் சாவி யாரிடம்?

"டீச்சர், நல்ல ஐடியா சொன்னா காலேஜ்ல பணம் தருவாங்களாமே, உண்மையா?"

பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்துக்குக் குழு பிரித்துக்கொண்டிருந்தபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். தருவார்கள் என்று சொல்லி வேலையைத் தொடர்ந்தேன். வீட்டுக்கு வந்தபின் அந்தப் பதில் உறுத்தியது. தொழில் தொடங்க நினைப்பவருக்குப் பல்கலைக்கழகம் தருபவற்றில் பணம் சிறியது. பெரியது வேறு.

அக்னிகுல் நிறுவனத்தைப் பாருங்கள். 2017-இல் தொடங்கப்பட்டது. நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீநாத் ரவிச்சந்திரன் அமெரிக்காவில் நிதித்துறையில் வேலை பார்த்தவர். அவரும் மொயினும் ராக்கெட் செய்ய முடிவெடுத்தபோது அவர்களுக்குத் தேவைப்பட்டது ஓர் ஆய்வுக்கூடம். ராக்கெட் எஞ்சினுக்குள் எரிபொருள் சீராக எரிய வேண்டும். கொஞ்சம் பிசகினால் எஞ்சினே வெடித்துவிடும். இதைச் சோதிக்கும் கருவிகளைப் புதிதாகத் தொழில் தொடங்கும் இருவர் விலைக்கு வாங்க முடியாது. சென்னை ஐஐடியில் எரிதல் ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் இருந்தது. அத்துறைப் பேராசிரியர் சத்யநாராயணன் சக்கரவர்த்தி அவர்களோடு கைகோத்தார். 3டி அச்சு முறையில் ஒரே துண்டாகச் செய்த எஞ்சினுடன் 2024 மே 30 அன்று அவர்களின் ராக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. அதற்கு முன் நான்கு முறை ஏவுதல் கைவிடப்பட்டது. ஐந்தாவது முறை வரை அவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்ததே, அதைத்தான் நான் வியக்கிறேன்.

இதற்கான சூழலும் தானாக அமைந்துவிடவில்லை. 2008-இல் அங்கே மாணவர்களே நடத்தும் புத்தாக்க மையம் வந்தது. 2010-இல் ஆராய்ச்சிப் பூங்கா திறக்கப்பட்டது. பல்கலைக்கழகம் சார்ந்த பூங்காக்களில் இந்தியாவில் இதுவே முதலாவது. அங்கே இடம்பெறும் நிறுவனம் வாடகை கொடுத்தால் மட்டும் போதாது. ஐஐடியின் பேராசிரியர்களோடும் மாணவர்களோடும் சேர்ந்து ஆய்வு செய்து அதற்கான மதிப்பெண்ணும் பெற வேண்டும். நல்ல நிபந்தனை! ஏத்தர் மின்ஸ்கூட்டரும் ஐஐடி முன்னாள் மாணவர் இருவர் 2013-இல் தொடங்கியதுதான்.

ஐஐடிக்குப் போகிறவர்கள் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. ஆனால் இந்த வசதி ஐஐடியோடு நின்றுவிடவில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் தொழில் காப்பகம் உண்டு. உணவுப் பதப்படுத்தும் தொழிலில் இறங்க விரும்புகிறவர் இயந்திரம் வாங்கும் முன் அங்கே பயிற்சி பெறலாம். நம் மாணவர்களின் பெற்றோருக்கே பயன்படும் செய்தி இது. கல்லூரி தேர்வு செய்யும்போது, "அங்கே மாணவர்கள் ஆய்வகத்தில் சொந்தமாக எதையாவது செய்து பார்க்க விடுவார்களா?" என்று விசாரிக்கவும் சொல்லிக்கொடுக்கலாம்.

இதையெல்லாம் மறுநாள் வகுப்பில் சொன்னேன். முடித்ததும் அதே மாணவி, "அப்போ நம்ம லேப் மல்டிமீட்டரை எடுத்துக்கலாமா டீச்சர்?" என்றாள்.

அது உறை பிரிக்காமல் பீரோவில் இருந்தது. உடைந்தால் இருப்புப் பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் என்பதால் நானே பூட்டி வைத்திருந்தேன். சாவியைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஃபியூஸ் போனது. பதிவேட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு, கடையில் புதிய ஃபியூஸ் வாங்கி வந்தேன். இந்த முறை ஃபியூஸ் மாற்றுவது எப்படி என்று அவளே மற்றவர்களுக்குச் செய்து காட்டினாள்.